கல்லு டாக்டரம்மா

ஒரு கேள்வி கேட்டால் அவர் உடனே பதில் சொல்லமாட்டார். கேட்டவரின் முகத்தைப் பார்ப்பார், பிறகு தரையைப் பார்ப்பார். அந்த இடைவெளியில், ஏன்தான் கேட்டோமோ என்று நமக்கு ஆகிவிடும். "பசிக்குதுங்களா?" என்று கேட்டாலும் அப்படித்தான். கொஞ்சம் நிதானித்து, "இன்னும் இல்ல" என்பார். வயிற்றிடம் விசாரித்துவிட்டுச் சொல்வது போல இருக்கும்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததுமில்லை. மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவர், டாக்டர் பட்டம் வாங்கியவர் என்று முதல் நாள் நான் எஸ்டேட்டில் சொல்லப்போக, மறுநாள் காலையிலேயே தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து இரண்டு பேர் இருமிக்கொண்டு வந்து என் ஜீப் பக்கத்தில் நின்றார்கள். ஒருவர் நாக்கை நீட்டிக் காட்டினார்.

"ஏனுங்க, நான் மனுசங்களுக்கு டாக்டர் இல்லீங்க. கல்லுக்கு" என்றார் இவர், சிரிக்காமல்.

அன்றிலிருந்து கல்லு டாக்டரம்மா.

நான் குன்னூரில் ஜீப் ஓட்டுகிறவன். இப்போது பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வருகிறவர்களைக் காட்சி முனைகளுக்கு ஏற்றிக்கொண்டு போகிறேன். அவர் பாறை தேடி வந்துபோன ஆறேழு வருடங்கள், கல்லூரி விடுமுறை எப்போது வந்தாலும் என் ஜீப் அவருக்குத்தான். ஐம்பதை நெருங்கிய பெண்மணி. ஆண்கள் போடும் கான்வாஸ் ஷூ, காட்டன் புடவை, அதன் மேல் நிறைய பைகள் வைத்த ஒரு காக்கிச் சட்டை. ஒரு பையில் சின்னச் சுத்தி. இன்னொன்றில், உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று, தையல் நூலில் கட்டியது. பாறையைக் கண்டால் அந்த நூலைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்.

முதல் நாள், ஜீப்பில் ஏறும்போது மழை வருமா என்று கேட்டார். வராதுங்க என்றேன்.

"எப்படித் தெரியும்?"

"பாத்தாத் தெரியுதுங்களே."

"அப்ப, வராதுன்னு நினைக்கிறேன்னு சொல்லுங்க மணி."

கோத்தகிரி ரோட்டில் பாதி வழி போவதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது. இருவரும் தொப்பலாக நனைந்தோம். அவர் என்னைப் பார்த்துக் குத்தலாக ஒரு சிரிப்புகூடச் சிரிக்கவில்லை. தவறு செய்தவனைத் தண்டிப்பதில் அவருக்கு எந்த ருசியும் இல்லை. சொன்ன சொல் சரியாக இருந்தால் போதும். ஒரு மயிரிழை கூடுதலாகவும் சொல்லக்கூடாது, குறைவாகவும் சொல்லக்கூடாது.

பாறையை உடைத்ததும் அதன் உட்பக்கத்தை எனக்குக் காட்டுவார். வெளியே பழுப்பாக, பாசி பிடித்து, நாம் தினமும் பார்க்கிற சாதாரணக் கருங்கல். உள்ளே நீலம் கலந்த கருமை, எண்ணெய் தடவியது போல ஒரு மினுமினுப்பு. இது பூமிக்குள் வெகு ஆழத்தில், அடுப்புக்குள் இருப்பதுபோல் வெந்து உண்டானது என்பார். இதற்கு மேலே இருந்த மலையெல்லாம் தேய்ந்து, கரைந்து, கடலுக்குப் போன பிறகு இது வெளியே வந்திருக்கிறது. வயது ஏறக்குறைய இருநூற்றைம்பது கோடி ஆண்டுகள்.

"அப்ப யாருங்க இருந்தாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல. மரம் இல்ல, புல் இல்ல. கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிருங்க தண்ணில இருந்துச்சு. நீங்களும் நானும் அங்க போய் நின்னா மூச்சு முட்டிச் செத்துருவோம். நாம இழுக்கற காத்து அப்ப இல்ல."

"வானம் நீலமா இருந்துச்சுங்களா?"

வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "தெரியாது. ஆரஞ்சு கலர்ல இருந்திருக்கும்னு சிலர் சொல்றாங்க. கடல் பச்சையா இருந்திருக்கும்னு சொல்றாங்க, இரும்பு கரைஞ்சு கிடந்ததால. சொல்றதுக்குக் காரணம் இருக்கு. ஆனா பாத்தவங்க யாரும் இல்லையே."

அன்று முழுவதும் வண்டி ஓட்டும்போது எனக்கு அந்த நினைப்புதான். பச்சைக் கடல், பார்க்க ஒரு கண்கூட இல்லாமல், அலையடித்துக்கொண்டே இருப்பது. எத்தனை கோடி வருடம் அடித்ததோ, கேட்க ஒரு காதுகூட இல்லை. வளைவில் எதிரே வந்த லாரியைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன்.

அவர் தேடிக்கொண்டிருந்தது அந்தக் கடலைத்தான். பழைய கடலின் அடியில் இரும்பு படிந்து படிந்து கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக ஒரு கல் உண்டாகியிருக்கும், அதில் ஒரு துண்டு இந்த மலைகளுக்கு நடுவே எங்காவது சிக்கியிருக்கும் என்று நம்பினார். இல்லை, தவறு. நம்பினார் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. சிக்கியிருக்க வாய்ப்பு உண்டு என்று சொன்னார்.

ஒரு முறை பர்லியார் வளைவில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறேன், கீழ்நாட்டிலிருந்து அவர் போன் செய்கிறார். "மணி, அந்தக் கல்லு முப்பது கிலோமீட்டர் ஆழத்துல உண்டாச்சுன்னு போன மாசம் உங்ககிட்ட சொன்னேன். அது சிலரோட கணக்கு. வேற கணக்கும் இருக்கு. ரெண்டையும் சொல்லியிருக்கணும்." நான் ஜாக்கியைப் பிடித்தபடி, "சரிங்க டாக்டரம்மா" என்றேன். எனக்கு முப்பதும் ஒன்றுதான், முன்னூறும் ஒன்றுதான். அவருக்கு, என் தலைக்குள் ஒரு தவறான சொல்லை விட்டுவிட்டுத் தூங்க முடியவில்லை.

இந்தக் குணம் சில சமயம் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். எஸ்டேட் வாட்ச்மேன் ஒருவர், பல வருடமாகக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த ஒரு மஞ்சள் மினுக்குக் கல்லைக் கொண்டுவந்து காட்டினார். இவர் வாங்கி ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "தங்கம் இல்லீங்க. இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. இது எனக்கு நல்லாத் தெரியும்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் கைக்குட்டையை முடியக்கூடத் தெம்பில்லாமல் நின்றார்.

"பாவமுங்க அந்தாளு. ஆராய்ச்சி பண்ணிச் சொல்றேன்னு சொல்லியிருக்கலாமுங்களே" என்றேன் ஜீப்பில்.

"அதை நம்பி அவர் ஏதாவது செஞ்சுட்டா?" என்று கேட்டார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

என் மனைவி சாந்திக்கு மட்டும் அவரை ரொம்பப் பிடிக்கும். சாந்தியின் அம்மாவைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். வந்தவர் போனவரெல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். இவர் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது சாந்தி அழுதுகொண்டே, "அம்மா பொழைச்சுக்குவாங்களா?" என்று கேட்டாள். "எனக்குத் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தை போய்ச் சேர்ந்த பிறகு சாந்தி சொன்னாள்: "அந்தம்மா ஒருத்தங்கதான் என்கிட்ட பொய் சொல்லலீங்க."

இனி நான் சொல்லப்போவது ஐப்பசி மாத மழைக்குச் சற்று முன்னால் நடந்தது.

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே ஓர் எஸ்டேட். பெயர் வேண்டாம். அங்கே ஒரு சரிவுக்குக் கீழே எட்டு வீடுகள் கொண்ட ஒரு லைன் இருந்தது. லைனுக்குப் பின்னால் ஓர் ஓடை மண்ணை அறுத்துக்கொண்டு போய்ப் பாறையைத் திறந்து வைத்திருந்தது. அந்த ஓடைக்குள் இறங்கி டாக்டரம்மா நூலைத் தொங்கவிட்டார். காந்தம் சரேலென்று இழுபட்டு ஒட்டிக்கொண்டது.

அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. புடவை தண்ணீரில் நனைவது தெரியாமல் ஓடைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். பாசியைக் கையால் வழித்தார். கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. ஒரு கை அகலத்துக்குப் பட்டை பட்டையாகக் கல்.

"கடல், மணி" என்றார். "ஆறாயிரம் அடி மேல, பாருங்க. கடல்."

'வாய்ப்பு உண்டு' என்று சேர்க்க அன்று அவர் மறந்துபோனார்.

மதியம் வரை அங்கேயே இருந்தோம். அளந்தார், படம் எடுத்தார், ஒரு துண்டு உடைத்தார். அந்தத் துண்டின் மேல் அம்புக்குறி போட்டு, எண் எழுதி, பழைய செய்தித்தாளில் பிள்ளையைச் சுற்றுவது போலச் சுற்றினார். மேலே ஏறும்போதுதான் பார்வதியக்கா வந்தார். கொழுந்து பறிக்கிறவர், அந்த லைனில் மூன்றாவது வீடு. எப்போது போனாலும் எங்களைப் பார்த்துக் கையாட்டுகிறவர்.

"டாக்டரம்மா, ஒரு நிமிசம் மேல வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டார்.

லைனுக்கு மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவே தரையில் ஒரு பிளவு. சருகு மூடிக் கிடந்தது. பார்வதியக்கா சருகை ஒதுக்கிவிட்டுத் தன் கையை உள்ளே விட்டுக் காட்டினார். மணிக்கட்டு வரை போயிற்று.

"போன மழைக்கு இது இல்லீங்க. எங்க ஊட்டுக் கதவு பத்து நாளா சாத்த மாட்டேங்குது. ஊத்துத் தண்ணி செவப்பா வருது. எல்லாருக்கும் பயமா இருக்குது. ஒண்ணும் ஆகாதுங்களே?"

டாக்டரம்மா மண்டியிட்டார். பிளவின் அகலத்தை அளந்தார், நீளத்துக்கு நடந்து பார்த்தார். பக்கத்திலிருந்த சில்வர் ஓக் மரம் சாய்ந்திருந்தது, அதையும் பார்த்தார். பிறகு பார்வதியக்காவின் முகத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். இந்த முறை வெகு நேரம்.

"எனக்குத் தெரியாதுங்க. நான் படிச்சது பாறை. இது மண்ணு. மண்ணைப் பத்தித் தெரிஞ்சவங்க வந்து பாத்துத்தான் சொல்லணும். நான் எழுதிப் போட்டு வரச்சொல்றேன். அதுவரைக்கும், இது சரியா இருக்கும்னு நான் சொல்லமாட்டேன்."

சொல்லிவிட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே ஜீப்பை நோக்கி இறங்கினார். பார்வதியக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"என்ன தம்பி சொல்லுது அந்தம்மா? எனக்கு ஒண்ணும் வெளங்கல."

மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. அதைவிட, அந்த அக்காவின் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. வாட்ச்மேனின் முகம் நினைவுக்கு வந்தது. இந்தம்மாவுக்கு மனுசங்களோட பேசத் தெரியாது, நாமதான் சமாளிக்கோணும் என்று எனக்குள் ஒரு பெருமை.

"ஒண்ணுமில்லையாமுங்கக்கா. ஆளுங்க வந்து பாப்பாங்களாம். நீங்க பயப்படாதீங்க" என்றேன்.

பார்வதியக்கா நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். "அப்பாடி. நான் துணிமணியெல்லாம் மூட்டை கட்டி வெச்சுட்டேன், தங்கச்சி ஊட்டுக்குப் போயிரலாம்னு."

அந்தச் சிரிப்போடுதான் இறங்கினேன்.

ஒன்பதாம் நாள் காலை, ஆறு மணி இருக்கும், லைனில் அடுப்பு மூட்டுகிற நேரம். விடாமல் மூன்று நாள் மழை. குன்னூரிலிருந்து டிரைவர்கள் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எட்டு வீடுகளில் ஐந்து நின்றன. நடுவில் மூன்று வீடுகள் இருந்த இடத்தில் தேயிலைச் செடிகள் நின்றுகொண்டிருந்தன. வரிசை குலையாமல், கவாத்து வெட்டிய மட்டம்கூட மாறாமல், மேலே இருந்த தோட்டம் அப்படியே இறங்கி வந்து நின்றிருந்தது. சிவப்புச் சேறு ஓடையை நிரப்பிவிட்டிருந்தது. மூன்று பேரைப் பிணமாக எடுத்தோம். பார்வதியக்கா, அவருடைய மாமியார், பக்கத்து வீட்டுப் பெண். பார்வதியக்காவின் கணவர் ராசண்ணன் கொதிகலனுக்கு விறகு போடுகிற வேலையாக விடியும் முன்பே பேக்டரிக்குப் போயிருந்ததால் பிழைத்தார்.

கீழே கல்லூரிக்குத் திரும்பியிருந்த டாக்டரம்மா, செய்தி கேட்டு மறுநாள் மேட்டுப்பாளையம் வழியாகக் கிடைத்த வண்டியெல்லாம் மாறி மாறி வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் மற்றவர்களைத் தங்க வைத்திருந்தார்கள். கூட்டிப்போனேன். வாசலில் ராசண்ணன் உட்கார்ந்திருந்தார். அவர் இலங்கைத் தோட்டத்திலிருந்து சின்னப் பிள்ளையாக வந்தவர், அதிர்ந்து பேசாதவர். டாக்டரம்மாவைக் கண்டதும் எழுந்தார்.

"நீங்கதானே அந்தக் கல்லு டாக்டர்? ஒண்ணுமில்லைன்னு நீங்க சொன்னீங்கன்னு தானேம்மா கட்டின மூட்டைய அவ அவுத்து வச்சா. ஒண்ணும் ஆகாது, டாக்டரம்மாவே சொல்லிட்டாங்கன்னு எங்க அம்மாகிட்ட சொன்னா. நான் கேட்டுக்கிட்டிருந்தேனே."

டாக்டரம்மா திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். முப்பது கிலோமீட்டர் என்று சொன்னதைத் திருத்துவதற்காக ஒரு மாதம் கழித்துப் போன் செய்தவர். தான் சொல்லாத சொல்லை ஒருவர் தன் வாயில் வைத்தால் உயிரே போனாலும் ஏற்றுக்கொள்ளாதவர். அவர் இப்போது பேசப்போகிறார் என்று நினைத்தேன். செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன்.

"அன்னைக்கு நான் சொன்னது பத்தலீங்க" என்றார்.

அவ்வளவுதான். கைகூப்பிக்கூட நிற்கவில்லை. கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்கின. ராசண்ணன் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். அதில் பாதி எனக்கு வந்திருக்க வேண்டியது.

இறங்கி வரும்போது, இப்போது கேட்பார், இந்த வளைவு தாண்டியதும் கேட்பார் என்று ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. வெகு தூரம் வந்த பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோலப் பேசினார்.

"மண்ணு படிச்ச பிரெண்டுக்குப் போட்டோ அனுப்பினேன். தீபாவளி முடிஞ்சு வரேன்னாங்க. எஸ்டேட்டுக்கும் தாலுகா ஆபீசுக்கும் லெட்டர் எழுத உக்காந்தேன். ஆபத்து இருக்குன்னு எழுதறதா, ஆபத்து இருக்கலாம்னு எழுதறதா? எனக்கு உறுதியாத் தெரியாதே. எழுதி எழுதிக் கிழிச்சேன். அதுலயே நாலு நாள் போச்சு. எட்டாம் நாள் தபால்ல போட்டேன், மணி. இருக்கலாம்னு போட்டு."

கியரை மாற்றி அடுத்த வளைவில் திரும்பினேன்.

"அந்தக் கல்லு இன்னும் எத்தனை வருசம் வேணும்னாலும் அங்கயே இருந்திருக்கும். நான் அதைத்தான் முதல்ல பாத்தேன்" என்றார் பிறகு.

அப்போது சொல்லியிருக்கலாம். நான்தான் மாற்றிச் சொன்னேன் என்று ஒரு வரி. வண்டியில் நாங்கள் இருவர் மட்டும். ஆனால் சொல்லவில்லை. சொன்னால் என்னைத் திட்டியிருக்கமாட்டார், அதுவும் எனக்குத் தெரியும். ஒருவேளை அதனால்தான் சொல்லவில்லையோ என்னவோ.

அதற்குப் பிறகு அவர் பாறைக்காக வரவில்லை. அவருடைய கல்லூரியிலிருந்து அந்தப் பட்டைக்கல்லைப் பற்றிக் கேட்டுப் போன்கள் வரும், ஜீப்பில் இருக்கும்போதே வரும். "அந்த இடம் மூடிடுச்சு" என்று வைத்துவிடுவார். தோண்டிப் பார்க்கலாமே என்று ஒருவர் வற்புறுத்தியிருப்பார் போல. "அங்க தோண்டமாட்டேன்" என்றார். குரல் உயர்ந்து நான் கேட்ட ஒரே தடவை அது.

வேலையிலிருந்து ஓய்வு வாங்கிக்கொண்டு குன்னூரில் ஓர் அறை எடுத்தார். மழை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே ஒவ்வொரு எஸ்டேட்டாக, ஒவ்வொரு சரிவாகப் போவோம். பிளவு தெரிந்த இடத்தில் இருபுறமும் குச்சி நட்டு அளந்து வைப்பார். ஒரு வாரம் கழித்து மறுபடி அளப்பார். லைன் வீடுகளில் வாசல் வாசலாக நின்று கேட்பார்: கதவு சரியாகச் சாத்துகிறதா, ஊற்றுத் தண்ணீர் கலங்குகிறதா. மண்ணைப் பற்றிய புத்தகங்களாக வாங்கி, அந்த வயதில், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை போலக் கோடு போட்டுப் படித்தார்.

சந்தேகம் வந்தால் உடனே சொல்லிவிடுவார். முகத்தைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதும் போய்விட்டது. "எனக்கு உறுதியாத் தெரியாதுங்க. ஆனா மழை முடியற வரைக்கும் இங்க படுக்காதீங்க." கேட்டவர்கள் சிரித்தார்கள். ஒரு வருடம் ஏழு குடும்பங்கள் அவர் பேச்சைக் கேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தங்கின. மழை பெய்து ஓய்ந்தது, ஒரு கூடை மண்கூட விழவில்லை. ஈரத் தரையில் படுத்து ஒரு கைக்குழந்தைக்குச் சளி கட்டிக்கொண்டது. அந்தக் குழந்தையின் தாய் நடுரோட்டில் ஜீப்பை மறித்து வாய்க்கு வந்தபடி பேசினாள். "விழாம இருந்ததுக்கு சந்தோசம்மா" என்றார் இவர். அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. ஒரு எஸ்டேட்டில் எங்களுக்குக் கேட்டையே திறக்கக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்கள்.

இன்னொரு வருடம், அவர் காலி பண்ணச் சொன்ன வீட்டில் ஆள் இல்லாத நேரம் சமையலறைச் சுவர் இடிந்தது. அது பழைய சுவர், எப்படியும் விழுந்திருக்கும் என்றார் வீட்டுக்காரர். "பாத்தீங்களா டாக்டரம்மா, நீங்க சொன்னதுதான் நடந்துச்சு" என்று எனக்குத்தான் துள்ளல். அவர் அந்தச் செங்கற்களைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "மண்ணு தள்ளுச்சா, சுவரு பழசா, தெரியல மணி" என்றார். அந்த விஷயத்தில் மட்டும் அவர் மாறவே இல்லை.

ராசண்ணனுக்கு வேறொரு இடத்தில் வீடு கொடுத்திருந்தார்கள். அந்த வரிசைக்கும் ஒவ்வொரு வருடமும் போவோம். முதல் தடவை அவர் வாசலில் கையை நீட்டி மறித்தார். "இந்தப் படிய மிதிக்காதீங்க."

டாக்டரம்மா ரோட்டிலேயே நின்றார். தூறிக்கொண்டிருந்தது. அங்கிருந்தே கேட்டார்: "கதவு சரியாச் சாத்துதுங்களா?"

ராசண்ணன் உள்ளே போய் அறைந்து சாத்தினார். அந்தச் சத்தம் எதிர்ச்சரிவு வரை போய்த் திரும்பியது. டாக்டரம்மா குறிப்பேட்டை எடுத்து, முந்தானையால் மழையை மறைத்துக்கொண்டு, 'சாத்துகிறது' என்று எழுதினார். நான் ஜீப்புக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வருடமும் அப்படித்தான். அதற்கடுத்த வருடமும். நான் இறங்கவே இல்லை.

எனக்கு இப்போதும் மழை நாட்களில் தூக்கம் சரியாக வருவதில்லை. ஜீப்பில் வருகிறவர்கள் வளைவுகளில் பயந்துபோய், "ஒண்ணும் ஆகாதில்ல டிரைவர்?" என்று கேட்பார்கள். சாதாரணமாக எல்லா டிரைவர்களும் சொல்கிற பதில்தான். அதைச் சொல்ல என் வாய் திறப்பதில்லை. பார்வதியக்கா நெஞ்சில் கை வைத்துச் சிரிப்பது தெரியும். பதில் வராததைப் பார்த்து அவர்கள் இன்னும் பயப்படுகிறார்கள்.

போன மாசி மாதம் டாக்டரம்மாவின் தங்கை போன் செய்தார். கண் பரிசோதனைக்காகக் கீழே போனவர் அங்கேயே இதயம் நின்று இறந்துவிட்டார். குறிப்பேடுகளையும் புத்தகங்களையும் எடுத்துப்போக வந்தபோது, "அக்கா உங்களைப் பத்தி நிறையச் சொல்லுவா" என்றார் அந்தத் தங்கை. என்ன சொன்னார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை தள்ளிப்போட்டு, மூன்றாவது ஞாயிறு மதியம் ராசண்ணன் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார். டாக்டரம்மா தவறிப்போனதைச் சொன்னேன். கேள்விப்பட்டேன் என்று மட்டும் சொன்னார். நிமிரவில்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா என் கையைப் பிடித்தது, மூடுபனி, என் பசி, நான் சொன்ன பொய். சொல்லி முடிக்கும்வரை கோடரி அவர் கையில் அசையாமல் இருந்தது.

"அப்ப அந்தம்மா என்னதான் சொன்னாங்க?"

சொன்னேன். தெரியாது என்று சொன்னதிலிருந்து, சரியாக இருக்கும்னு நான் சொல்லமாட்டேன் என்பது வரை. அத்தனை வருடத்தில் அந்த வார்த்தைகளை நான் ஒருவரிடமும் திருப்பிச் சொன்னதில்லை. ஆனால் ஒன்றுகூட மறக்கவில்லை.

"இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன்.

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். அவர் கோடரியைக் கீழே வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்தார். அந்தம்மா வருடா வருடம் வந்து நின்ற இடத்தில் இப்போது ஒரு ஆட்டோ நின்றிருந்தது.

"வருசா வருசம் மழையில நின்னாங்களே மணி, அந்த எடத்துல. நீயும் ஜீப்புல உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்த" என்றார். குரலில் கோபம் இல்லை. "அவங்க இருக்கும்போது இத சொல்லியிருக்கக் கூடாதா? உள்ள கூப்பிட்டு ஒரு வாய் தேத்தண்ணி குடுத்திருப்பேனேடா."

பிறகு அவர் கோடரியை எடுத்து அடுத்த கட்டையை நிமிர்த்தி வைத்தார். உட்கார் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.